பொத்சுவோலியின் மூன்று தூண்கள்

இத்தாலியின் நேப்பிள்ஸில் குமானா ரயில் ஏறினால் அரை மணி நேரத்தில் பொத்சுவோலி. இறங்கியதும் எரிமலை எங்கே என்று தேட வேண்டாம், ஊரே எரிமலைக்குள்தான் இருக்கிறது. காம்பி ஃபிளெக்ரேயி என்ற அகன்ற எரிமலைப் பள்ளத்தின் நடுவில்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், தெருவைவிடத் தாழ்வான இடத்தில், ரோமானியர் காலச் சந்தை ஒன்றின் இடிபாடுகள். எகிப்தியக் கடவுள் செராப்பிஸின் சிலை கிடைத்ததால் கோயில் என்று நினைத்து வைத்த ‘செராப்பிஸ் கோயில்’ என்ற பெயர் இன்றும் போகவில்லை. அங்கே நிற்கும் மூன்று பளிங்குத் தூண்களைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாவது நின்றிருப்பேன். அடிப்பகுதி வழவழவென்று இருக்கிறது. அதற்கு மேல் ஒரு பட்டை அளவுக்கு அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள். கல்லைக் குடைந்து வாழும் கடற்சிப்பிகள் போட்டவை. தரையிலிருந்து ஏறக்குறைய 7 மீட்டர் உயரம்வரை! தூண்கள் நின்ற நிலையிலேயே கடலுக்குள் இறங்கி, நின்ற நிலையிலேயே திரும்பி வந்திருக்கின்றன. அடிப்பகுதி அப்போது மண்ணில் புதைந்திருந்ததால் சிப்பிக்குத் தப்பியது. சார்லஸ் லயல் 1830இல் தன் நிலவியல் நூலின் முகப்பில் இந்தத் தூண்களின் படத்தைத்தான் போட்டார். கருவிகள் வருவதற்கு முன்பே நிலத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறித்து வைத்த அளவுகோல் இது.

இந்த மெதுவான அசைவுக்கு ஊரார் சொல்லும் பெயர் பிராடிசிஸ்மோ. 1538இல் தரை உயர்ந்து கடல் பின்வாங்கிய பிறகு, எரிமலை வெடித்து, ஒரு வாரத்தில் மோந்தே நுவோவோ என்ற புது மலையே முளைத்தது. 1982 முதல் 1984வரை தரை சுமார் 1.8 மீட்டர் உயர்ந்தது, ஏறக்குறைய 40,000 பேர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள், ஆனால் எரிமலை வெடிக்கவில்லை. தரை உயர்ந்தால் வெடிக்கும் என்று நேராகச் சொல்லிவிட முடியாததற்கு இந்த இரண்டு சம்பவமே போதும். பிறகு கொஞ்சம் அமிழ்ந்த நிலம், 2005 முதல் மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது.

1841இல் தொடங்கிய வெசுவியஸ் ஆய்வகம் இப்போது ஜிபிஎஸ் நிலையங்களால் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் கணக்கு வைக்கிறது. விரிகுடாவின் அடித்தளத்தையும் விடவில்லை, மிதவைகளோடு இணைத்த கருவிகள் அங்கேயும் உண்டு. ரேடார் செயற்கைக்கோள்கள் வெவ்வேறு நாள்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால், எங்கே எவ்வளவு புடைத்திருக்கிறது என்பது வளையம் வளையமாகத் தெரியும். பொத்சுவோலியில்தான் ஏற்றம் அதிகம், வெளியே போகப் போகக் குறைகிறது. அடியில் தள்ளுவது வாயுவும் வெந்நீரும் மட்டுமா, உருகிய பாறையான மாக்மாவுமா என்ற விவாதம் முடியவில்லை. அதனால்தான் நிலநடுக்கத்தையும் வாயுவையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

மாலையில் பழைய படகுத்துறைக்குப் போனேன். கடல் எங்கும் வற்றவில்லை, ஆனால் துறையின் ஓரத்துப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒரு பெரியவர் தன் படகின் அடியில் ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.