‘எப்படித் தெரிஞ்சது?’ என்று கேட்டதில் வந்த குழப்பம்

“நிழல் போயிடுச்சுங்க மேடம், அப்புறம் பூச்சி வராம என்ன பண்ணும்?” மேஸ்திரியின் இந்தப் பதிலை வைத்துத்தான், எம்.பி.டி.ஐ. என்ற ஆளுமை வகைப்பாட்டில் அவரை சென்சிங் பக்கம், அதாவது கண்ணால் பார்த்ததையும் கையால் தொட்டதையும் முதலில் கவனிக்கிறவர்கள் பக்கம், சேர்த்தேன். சேர்த்தது சரிதான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கேள்வியே கோணல் என்று இன்னொரு நாள் தோன்றுகிறது.

ஏற்காட்டுக் காபித் தோட்டம், மேற்பார்வையாளர் பயிற்சி, தேநீர் இடைவேளை. எதிர்ச் சரிவைக் காட்டி, “அந்த வரிசைங்கள்ல போரர் இறங்கியிருக்கும்” என்றார். அவ்வளவு தூரத்தில் தண்டு தெரியாது. போரர் என்றால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. அதன் புழு உள்ளே புகுந்தால் அராபிகா காபிச் செடியின் பட்டையில் வரப்பு போலப் புடைப்பு எழும். இலை மஞ்சளாகி வாடும். தண்டைத் தடவிப் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். எப்படித் தெரிஞ்சது என்று கேட்டேன். நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் கிளைகளைக் கழித்தது, தண்டில் வெயில் நேராக அடிப்பது, வெயில் படுகிற பட்டையின் இடுக்கில் வண்டு முட்டை வைப்பது, அக்டோபரில் அது பறக்கத் தொடங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பார்த்தது, தொட்டது, நடந்த வரிசை மாறாமல். சென்சிங்குக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. “இப்படியே விட்டா மேல் பிளாக்கும் போயிடும். அங்க ஓக்கை வெட்டாம விட்டு அதுல மிளகு ஏத்தினா நிழலும் ஆச்சு, காசும் ஆச்சு” என்றார். இல்லாத தோட்டம் ஒன்றை இருப்பது போலப் பேசுகிறார். இதை எங்கே வைப்பது?

சென்சிங், அதன் எதிர்ப்பக்கமான இன்ட்யூஷன் இரண்டும் தகவலை வாங்கிக்கொள்ளும் விதங்கள். முன்னது இருப்பதைப் பார்க்கும், பின்னது இருக்கக்கூடியதைப் பார்க்கும். உளவியலாளர் யுங் 1921-இல் எழுதிய வகைப்பாட்டிலிருந்து வந்தவை. முடிவெடுக்கும் விதம் வேறு கணக்கு, ஒழுங்காக மேசையை வைத்திருப்பதும் வேறு கணக்கு. சேலத்து அலுவலகக் குழுக்களில் இந்தக் கலப்படம்தான் அதிகம். நேரத்துக்கு வருகிறவர் தன்னை சென்சிங் என்பார். பட்டம் வாங்கியவர் கௌரவமாக இருக்கிறதே என்று இன்ட்யூட்டிவ் பக்கம் சாய்வார்.

ஆகவே கேள்வித்தாளுக்கு முன்னால் ஏதாவது செய்யச் சொல்லிப் பார்ப்பது நல்லது. ஒரு படத்தைக் காட்டி, இரண்டு நிமிடத்தில் எழுதச் சொல்லலாம். சிலர் நிறம், எண்ணிக்கை, மூலையில் கிடக்கும் வாளி என்று எழுதுவார்கள். சிலர் ‘இது திருவிழாவுக்கு முந்தின நாளாக இருக்கும்’ என்று ஆரம்பிப்பார்கள். ‘விவரியுங்கள்’ என்று சொன்னால் காரியம் கெட்டது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் எல்லோருமே வாளியை எழுதிவிடுவார்கள். ‘இதைப் பற்றி எழுதுங்கள்’ என்பதோடு நிறுத்த வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காடு ஏரிக்கு வழி கேட்பதும் உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவு என்று ஒருவர் சொல்வார். மலை ஏறினால் ஏரிதான் என்பார் இன்னொருவர். தினமும் வண்டி ஓட்டுகிறவரிடம் மட்டும் இதைக் கேட்கக் கூடாது. வளைவுகளை அவர் எண்ணுவது தொழில், இயல்பு அல்ல.

மேஸ்திரி விஷயத்திலும் அந்தத் தொழில்தான் குறுக்கே நிற்கிறது. ஆண்டுக்கணக்காகத் தண்டைத் தடவிய கைக்கு, தூரத்துச் சரிவைப் பார்த்ததும் பதில் வந்துவிடுகிறது. காரணம் பிறகுதான் வருகிறது, அதுவும் கேட்டால்தான். ‘எப்படித் தெரிஞ்சது?’ என்று கேட்டால் எந்த மனிதரும் ஆதாரத்தைத்தான் அடுக்குவார். இன்ட்யூட்டிவ் ஆள்கூட அப்போது சென்சிங் மாதிரிதான் பேசுவார். அப்படியானால் நான் கேட்டது அவரைப் பற்றிய கேள்வியா, அவரிடமிருந்து எனக்கு வேண்டிய பதிலை வாங்கும் கேள்வியா? ஆனால் படத்தில் அவர் எழுதியதும் வாளிதான். சொன்ன வழியிலும் ஒரு வளைவு விட்டுப்போகவில்லை. ஒரே ஒரு மிளகுக் கொடிக்காக அதையெல்லாம் தள்ளிவிட முடியுமா?

எண்ணாவது உதவும் என்று நினைக்கலாம். எம்.பி.டி.ஐ. கேள்வித்தாளின் எம் படிவத்தில் 93 கேள்விகள். அவற்றில் சென்சிங்-இன்ட்யூஷன் இரட்டைக்கு 26. சாய்வு எவ்வளவு தெளிவு என்று காட்டும் தெளிவுக் குறியீடு 1 முதல் 30 வரை போகும். 5-க்குள் வந்தால் மிக லேசான சாய்வு, அடுத்த முறை பக்கமே மாறிவிடலாம். உளவியல் ஆய்வாளர்கள் மெக்ரேயும் கோஸ்டாவும் 1989-இல் காட்டியபடி மனிதர்கள் இரண்டு கும்பலாகப் பிரிவதும் இல்லை. பெரும்பாலோர் நடுவில்தான் நிற்கிறார்கள். மேஸ்திரிக்கு அந்த எண்ணும் கிடையாது. ஆங்கிலத் தாளை வாய்மொழியாகத் தமிழில் கேட்டால் மதிப்பெண் செல்லாது. பேச்சை வைத்துத்தான் முடிவு.

முடிவு சொல்ல வேண்டியது சம்பந்தப்பட்டவர்தான், நடத்துகிறவர் அல்ல என்பது இதில் அடிப்படை விதி. ஆளெடுக்க, பதவி உயர்வு தர இதைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் பின்பற்றினேன். “எனக்கு சென்சிங் மாதிரி தெரியுது, உங்களுக்கு எப்படித் தோணுது?” என்றுதான் கேட்டேன். “நீங்க சொன்னா சரிதாங்க மேடம்” என்றார். விதிப்படி இது அவருடைய ஒப்புதல். மலை மேல் எந்த மேஸ்திரி பயிற்சிக்கு வந்த மேடத்திடம் ‘இல்லீங்க’ என்பார்? மேனேஜரிடம் தாள் எதுவும் போகவில்லை. ஆனால் மேஸ்திரியே சாப்பாட்டு வரிசையில், “நம்ம சென்சிங்காம் சார்” என்று பெருமையாகச் சொன்னார். மறுநடவுத் திட்டத்துக்கு வேறு ஒருவர் பெயர் போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி எனக்கு இல்லை. இல்லாமலும் இருக்கலாம்.

இப்போது வரிசையை மாற்றியாயிற்று. இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொரு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, மேனேஜர் அறையில் இல்லாதபோது, என் கருத்தைச் சொல்லாமலே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். காரணம் கேட்பது கடைசியில்தான். படித்து முடித்ததும் பலர் தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பது இதைத்தான்: “நீங்க எதை நினைச்சீங்க மேடம்?”