சாம்பல் கல்லின் நிறம்

ஜனவரி 4, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்கைப் பிரித்து மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் மெஷினை வெளியே எடுத்தேன். அண்ணன் கொழும்பில் கடை வேலை செய்த காலத்தில் பழைய சாமானாக வாங்கி வந்தது. ஜப்பானில் விற்ற மெஷின். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்கு அப்போதுதான் கரண்ட் வந்திருந்தது. அப்பாவின் சேவைக்காலப் பணத்தில் கலர் டிவியும் வாங்கியிருந்தோம். ஆனால் இந்த மெஷினைப் போட்டால் மட்டும் படம் கறுப்பு வெள்ளை.

மேலிருந்து விழும் கற்களை நிறம் பார்த்து மூன்று மூன்றாகச் சேர்க்கும் ஆட்டம் ஒன்று இருந்தது. அதை நாங்கள் நிறமே இல்லாமல் ஆடினோம். கல்லின் வடிவத்தை வைத்துத்தான் பிரிப்போம். வெள்ளைக் கல், கறுப்புக் கல், சாம்பல் கல் என்று பெயரும் வைத்திருந்தோம்.

பொங்கலுக்கு அண்ணன் டுபாயிலிருந்து வருகிறார். அதற்குள் இதை நிறத்தோடு காட்ட வேண்டும்.

ஜனவரி 5

அடாப்டரை மீட்டரில் பார்த்தேன். 9 வோல்ட் சரியாக இருக்கிறது. இந்த மெஷினுக்கு பிளக்கின் நடுவில் மைனஸ் வர வேண்டும், அதுவும் சரி. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. அதை நம் 230இல் செருகாமல் அண்ணன் அன்றைக்கே வேறு வாங்கியது நல்லதாகப் போயிற்று.

ஜனவரி 6

கோளாறு மெஷினிலும் இல்லை, டிவியிலும் இல்லை. டிவிக்கு நிறப் படம் அனுப்பும் முறை ஜப்பானில் என்.டி.எஸ்.சி., இலங்கையில் பி.ஏ.எல். இரண்டிலும் நிறம் ஒரு தனி அலையில் ஏறித்தான் வருகிறது. அங்கே அந்த அலை 3.58 மெகாஹெர்ட்ஸ், இங்கே 4.43. போதாததற்கு பி.ஏ.எல். நிறத்தின் ஒரு பாதியை வரிக்கு வரி திருப்பிப்போட்டு அனுப்பும். எங்கள் டிவி 4.43ஐத் தேடுகிறது, கிடைக்கவில்லை என்றதும் நிறத்தையே நிறுத்திவிடுகிறது. வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சுகின்றன. எத்தனை வருசம் டிவியின் தலையில் தட்டியிருப்போம்!

மெஷினுக்குள் படத்தைக் கோத்து அனுப்புவது சோனியின் சி.எக்ஸ்.ஏ.1145 என்ற 24 கால் சிப். நிற அலை 6ஆம் கால் வழியாக உள்ளே போகிறது. 7ஆம் காலை கிரவுண்டில், அதாவது மைனஸ் பக்கத்தில், சேர்த்தால் பி.ஏ.எல். முறைக்கு மாறும். ஆக, இரண்டு கால்களை போர்டிலிருந்து தூக்கி, ஒன்றுக்கு 4.433619 மெகாஹெர்ட்ஸ் கொடுத்து மற்றதை கிரவுண்ட் செய்ய வேண்டும். படம் நொடிக்கு 60 முறை வருவது மாறாது, அதனால் ஆட்டத்தின் வேகமும் குறையாது. எங்கள் டிவியில் 60இலும் படம் உருளாமல் நிற்கிறது.

ஜனவரி 8

ஹட்டன் டவுனுக்குப் போனேன். டிவி திருத்தும் கடை அண்ணன் பழைய போர்டுகள் கிடந்த பெட்டியையே என் பக்கம் தள்ளி, "நீங்களே தேடுங்க தம்பி" என்றார். மூன்றாவது போர்டில் கிடைத்தது அந்த அலையை உண்டாக்கும் கிறிஸ்டல், தலையில் 4.433619 என்று பொறித்தபடி. செத்த டிவிக்குள் இத்தனை நாள் இருந்திருக்கிறது. காசு வாங்க மறுத்துவிட்டார். கிறிஸ்டலைத் துடிக்க வைக்க 74எச்.சி.யூ.04 சிப்பும் சின்ன கெப்பாசிட்டர்களும் அங்கேயே வாங்கினேன்.

ஜனவரி 11

கால்களைத் தூக்கினேன். ஈயத்தை உறிஞ்சி எடுத்து, ஊசியால் மெல்ல மெல்ல நெம்பினேன். வெளியே பனி, எனக்கு வியர்த்தது. ஒரு கால் முறிந்தால் இந்தச் சிப்புக்கு நான் எங்கே போவேன்? முறியவில்லை. கிறிஸ்டலையும் புதுச் சிப்பையும் துண்டுப் பலகையில் ஒட்டி, மெஷினுக்குள் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் 7805இலிருந்து 5 வோல்ட் எடுத்தேன்.

ஜனவரி 12

நிறம் வந்தது! உடனே போய்விட்டது. திரும்ப வந்தது, போனது.

அலை கொஞ்சம் விலகி ஓடுகிறது என்று புரிந்தது. ஒரு கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, திருகி அளவு மாற்றும் டிரிம்மரை வைத்தேன். இரும்பு ஸ்குரூ டிரைவர் கிட்டே போனாலே அலை மாறுகிறது. பழைய பல் தூரிகையின் காம்பைத் தேய்த்துத் தட்டையாக்கி அதால் திருகினேன். கால் சுற்றுதான். நிறம் நின்றுவிட்டது. ஓரங்களில் புள்ளி ஊர்கிறது. நிற அலை இப்போது படத்தின் வரிகளோடு பூட்டப்படாமல் தனியே ஓடுவதால் அது இருக்கத்தான் செய்யும்.

அம்மா தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தார். "இது நம்ம டிவியா?" என்றார்.

ஜனவரி 14

அண்ணன் இரவு ரயிலில் வந்து இறங்கினார். சாப்பிட்டதும் மெஷினைப் போட்டேன். வெள்ளைக் கல் மஞ்சளாகவும் கறுப்புக் கல் நீலமாகவும் விழுவதைக் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். அப்புறம் ஆடும் கன்ட்ரோலர் கட்டையைக் கையில் எடுத்தார். பத்து நிமிசத்தில் பழைய வேகம் வந்துவிட்டது.

"தம்பி, அடுத்தது சாம்பல் வருது, இடப்பக்கம் வையி!" என்றார்.

ஊதாக் கல் விழுந்தது. இடப்பக்கம் வைக்கச் சொல்லி என் தோளைத் தட்டிக்கொண்டே இருந்தார்.