பக்கிங்ஹாம் கவுண்டி: எரிந்த கோர்ட் ஹவுஸும் எரியாத வரிக் கணக்கும்

ரிச்மண்டிலிருந்து ரூட் 60-ல் மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள பக்கிங்ஹாம் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் வரைந்து கொடுத்த கோர்ட் ஹவுஸ் 1869 பிப்ரவரியில் எரிந்துபோனது. இப்போது அங்கே நிற்பது 1873-ல் கட்டியது. 1761-ல் கவுண்டி பிறந்த நாள் முதல் சேர்ந்த பத்திரம், உயில், திருமணப் பதிவு எல்லாம் பெரும்பாலும் அந்தத் தீயோடு போயிற்று. பூர்வீகம் தேடி நேராக இங்கே வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவது இதனால்தான். முதல் இரண்டு நாளை ரிச்மண்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகமான லைப்ரரி ஆஃப் வர்ஜீனியாவுக்கு ஒதுக்குங்கள்.

1782 முதல் நில வரிக்கும் உடைமை வரிக்கும் எழுதிய பட்டியலின் நகல் மாநிலத் தலைநகர் ரிச்மண்டுக்குப் போயாக வேண்டியிருந்தது. வரி பாக்கி விழாமல் இருக்க அரசு வாங்கி வைத்த அந்த நகல்கள்தான் மைக்ரோஃபிலிமில் இன்று கிடைக்கின்றன. ஒரே ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒரே பெயரை ஆண்டு தவறாமல் 20, 30 வருடம் தொடர்ந்து எழுதிக்கொண்டே வாருங்கள். மகனுக்கு 16 வயதானதும் உடைமை வரிப் பட்டியலில் அப்பாவின் பெயருக்கு எதிரே ஆள் எண்ணிக்கை ஒன்று கூடும். பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்டேட்' (இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து) என்று வந்தால் ஆள் இறந்துவிட்டார். உயில் எரிந்த ஊரில் இறந்த ஆண்டை இப்படித்தான் பிடிக்க வேண்டும். 'சீனியர்', 'ஜூனியர்' என்று இருந்தால் தந்தை மகன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே பெயரில் இருந்த மூத்தவரையும் இளையவரையும் பிரித்துக் காட்டவும் அப்படி எழுதினார்கள்.

நில வரிப் புத்தகத்தில் 1814 முதல் ஒரு பொக்கிஷம் உண்டு: கோர்ட் ஹவுஸிலிருந்து நிலம் எந்தத் திசையில், எத்தனை மைல் என்ற குறிப்பு. 'எஸ்.டபிள்யூ. 12' என்றிருந்தால் தென்மேற்கே 12 மைல். இன்றைய கோர்ட் ஹவுஸ் ஜெஃபர்சன் கட்டடம் இருந்த இடத்திலேயே நிற்பதால், 1820களின் கடைசிக்குப் பிந்தைய குறிப்பு என்றால் வாசலிலிருந்தே அளக்கலாம். மைல் கணக்கு உத்தேசம்தான். நிலத்தை உறுதி செய்வது பக்கத்தில் எழுதியிருக்கும் ஓடையின் பெயர். 1845-ல் கவுண்டியின் மேற்குப் பக்கம் பிரிந்து அப்பொமாட்டக்ஸ் கவுண்டியில் சேர்ந்தது. அந்தப் பக்கத்து நிலமானால் அதற்குப் பிந்தைய பதிவை அங்கேதான் தேட வேண்டும். அந்த கோர்ட் ஹவுஸும் 1892-ல் எரிந்தது என்பதால் அங்கேயும் வரிப் பட்டியல்தான் கதி. 1761-க்கு முன்பு என்றால் ஆல்பமார்ல் கவுண்டியிலும், 1744-க்கும் முன்பு என்றால் கூச்லாண்ட் கவுண்டியிலும் தேடுங்கள்.

பிறப்பு, இறப்புப் பதிவு 1853-ல் தொடங்கியது. அதன் நகலும் ரிச்மண்டுக்குப் போனது. 1896 முதல் 1912 வரை பதிவே கிடையாது, அந்த இடைவெளியில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் குழந்தைகள் 1865 வரை இதில் முதல் பெயரோடு மட்டும், உரிமையாளர் பெயருக்குக் கீழே வருகிறார்கள். 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கின் அடிமைப் பட்டியலில் பெரும்பாலும் அந்தப் பெயர்கூட இல்லை. வயது, பால், நிறம் அவ்வளவுதான். குடும்பப் பெயரோடு எல்லோரும் வருவது 1870 மக்கள்தொகைக் கணக்கில். ஆகவே 1870-லிருந்து பின்னோக்கி நடந்து, அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களின் பதிவுகளில் அந்த முதல் பெயரைத் தேட வேண்டும். கருப்பின வரலாற்றைத் தொகுப்பதற்கே வாழ்நாளைக் கொடுத்த கார்ட்டர் வுட்சன் 1875-ல் பிறந்தது இந்தக் கவுண்டியின் நியூ கேண்டனில்தான்.

இதெல்லாம் கையில் இருந்தால் பிறகு பக்கிங்ஹாமுக்கு வாருங்கள். கோர்ட் பதிவேடுகளை வைத்திருக்கும் கிளார்க் அலுவலகத்தில் 1869-க்குப் பிந்தைய பத்திரப் புத்தகங்களை அவசரமில்லாமல் புரட்டுங்கள். தீக்குப் பிறகு வீட்டில் வைத்திருந்த பழைய பத்திரத்தைக் கொண்டுவந்து மறுபதிவு செய்தவர்கள் உண்டு. பதிவுத் தேதியை மட்டும் பார்த்தால் அது கண்ணில் படாமலே போகும். நிலத்தை விற்ற பத்திரத்தில் 'என் அப்பா விட்டுச் சென்ற' என்று ஒரு வாசகம் இருந்தாலும் ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைத்தது.

இதே கவுண்டியின் ஆர்வோனியா பக்கம் ஸ்லேட் (பலகைக் கல்) குவாரி ஊர். வேல்ஸிலிருந்து வந்த தொழிலாளிகள் வளர்த்தது. ஸ்லேட் கல்லறைகளில் எழுத்து நன்றாக நிற்கும். மாவு, ஷேவிங் கிரீம் எதையும் பூசாதீர்கள், கல் கெட்டுவிடும். காலையில் போய், பக்கவாட்டிலிருந்து ஒரு கண்ணாடியால் வெயிலைச் சாய்வாகப் பாய்ச்சினால் மங்கிய எழுத்தும் எழுந்து வரும்; அப்போதே படம் எடுத்துவிடுங்கள்.