பாசிக்குப் பெயர் கேட்ட கந்தோர்

கடல் சயனோபற்றீரியாவில், அதாவது நீலப்பச்சைப் பாசியில், புது இரசாயனச் சேர்வை தேடுகிறவர்களுக்கு ஆய்வுகூடம் தலையிடி என்பார்கள். முல்லைத்தீவின் நந்திக்கடல் களப்பில் மாதிரி எடுக்க அனுமதி கேட்டுப் பாருங்கள், ஆய்வுகூடம் இனித்துவிடும்.

2017 இல் இயற்கை ஒதுக்கமாக அறிவித்த இடம். ஒரு பிடி பாசிக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்பது நியாயம். ஆனால் 'இனப்பெயர்' கட்டம் வெறுமையாக இருந்தால் படிவத்தை வாங்க மாட்டாராம் கந்தோர் ஐயா. எடுத்துப் பார்த்து, டிஎன்ஏவும் படித்தால்தான் பெயர் தெரியும் என்றேன். "அப்ப பெயரைக் கண்டுபிடிச்சுக்கொண்டு வாங்கோ தங்கச்சி." லிங்பியா என்றிருந்த சில கடல் பாசிகளின் பெயரை ஆய்வாளர்களே 2012 இல் மூரியா ஆக்கி, 2019 இல் மூரீனா ஆக்கிவிட்டார்கள். இதை அவரிடம் சொல்லியிருந்தால் இன்னொரு படிவம் தந்திருப்பார்.

அலைந்து முடிவதற்குள் மாரி வந்து, வட்டுவாகல் பக்கம் தண்ணீர் உவர்ப்பு இறங்கி, பாசியும் போய்விட்டது. கடைசியில் வேலை செய்தது மேற்பார்வையாளரின் ஒரு வரி: 'இழைச் சயனோபற்றீரியா, இனம் ஆய்வின் பின் உறுதிசெய்யப்படும்'. இதை முதல் நாளே கடிதத்தில் போட்டுக்கொண்டு போங்கள். "இதில என்ன கிடக்கு?" என்று ஐயா கேட்டபோது டோலஸ்டாட்டின் 10 என்ற, புற்றுநோய்க் கலங்களைக் கொல்லும் சேர்வையின் கதையைச் சொன்னேன். முதலில் கடல்முயல் என்ற கடல் நத்தை வகையில் கண்டார்கள், பிறகுதான் சயனோபற்றீரியாவிலும் இருப்பது தெரிந்தது. அதன் வழியில் வந்த மருந்துக்கு 2011 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஹொட்ஜ்கின் புற்றுநோய்க்கு. முத்திரை விழுந்தது.

கோடையில் எடுத்தோம். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், சில வகைகளின் நஞ்சு தோலைப் புண்ணாக்கும். மீன்வாடியில் இருந்த அண்ணைக்கு இது முன்பே தெரியும்: "வலையில சிக்கினா இரவு முழுக்கச் சொறிச்சல்."

சேர்வைகளைக் கரைத்துப் பிரிக்க டைகுளோரோமீதேன், மெதனோல், சிலிக்கா நிரல் எல்லாம் வழமைபோல. பிறகு மூலக்கூறுகளின் திணிவைக் காட்டும் திணிவு நிறமாலையில் 391.28 இல் அழகான உச்சி. கொண்டாடவேண்டாம், அது பிளாஸ்டிக்கிலிருந்து வரும் தாலேற்று. மெதனோல் விற்றவர் அதைப் பிளாஸ்டிக் கானில் மாற்றி ஊற்றித் தந்திருந்தார். கண்ணாடிப் போத்தலில் மட்டும் வாங்குங்கள், வெற்றுக் கரைப்பானையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

அதைக் கழித்த பிறகு ஒரு சிறிய இரட்டை உச்சி மிஞ்சியது. இரண்டு அலகு இடைவெளி, உயரம் மூன்றுக்கு ஒன்று: மூலக்கூற்றில் குளோரீன் இருக்கும் அடையாளம்! தெரிந்த சேர்வைகளின் நிறமாலைகள் உள்ள ஜிஎன்பிஎஸ் தரவுத்தளத்தில் பொருந்துவது எதுவும் வரவில்லை. புதிது என்று சொல்ல மூலக்கூற்றின் கட்டமைப்பைக் காட்டும் என்எம்ஆர் சோதனை வேண்டும், அதற்குக் கையில் இருப்பது போதாது, கேட்ட அளவைக் கந்தோர் பாதியாக வெட்டியிருந்தது. நீங்கள் இரட்டிப்பாகக் கேளுங்கள்.