அலுவலக சர்வருக்கு ரெய்டு தேர்ந்தெடுத்த கதை

ஈரோட்டில் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் தணிக்கையாளர் அலுவலகம் எங்களுடையது. டேலி கணக்குகள், ஸ்கேன் செய்த ஆவணங்கள் எல்லாம் ஒரே சர்வரில் இருக்கின்றன. டிஸ்குகளை ஒன்றாக இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி செய்யும் முறையை ரெய்டு என்பார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் நெருங்கிய ஜூலை மாதத்தில், சர்வரில் அந்த வேலையைச் செய்யும் ரெய்டு கார்டு பழுதானது. டிஸ்குகள் இரண்டும் நல்ல நிலையில் இருந்தும், அவற்றிலிருந்த அமைப்பு விவரம் அந்தக் கார்டுக்கே உரிய வடிவில் எழுதப்பட்டிருந்ததால், அதே வகைக் கார்டு கூரியரில் வந்து சேரும்வரை நான்கு நாட்கள் ஒரு கோப்பையும் திறக்க முடியவில்லை.

புதிய சர்வர் வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது மறுபடியும் கார்டா, கார்டு இல்லாமல் லினக்ஸ் இயங்குதளமே அந்த வேலையைச் செய்யும் மென்பொருள் ரெய்டா என்று யோசித்தேன். கார்டின் பக்கமும் நியாயம் உண்டு. பேட்டரி பாதுகாப்புள்ள அதன் கேஷ் (தற்காலிக நினைவகம்), ரெய்டு 5 போன்ற பாரிட்டி முறைகளில், அதாவது இழந்த தரவை மீட்க உதவும் கணக்கீட்டையும் சேர்த்து எழுதும் முறைகளில், எழுதும் வேகத்தை நன்றாகவே கூட்டும். எங்களுக்கு வேண்டியதோ 4 டிபி டிஸ்குகள் இரண்டில் ஒரே தரவை எழுதும் ரெய்டு 1. அதில் பாரிட்டிக் கணக்கே கிடையாது. மதர்போர்டிலேயே வரும் ரெய்டைக் கடைக்காரர் பரிந்துரைத்தார். அதிலும் வேலையைச் செய்வது டிரைவர் மென்பொருளும் பிராசஸரும்தான் என்பதால் அதை விலக்கி, லினக்ஸின் மென்பொருள் ரெய்டையே தேர்ந்தெடுத்தேன்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனை நிறுவி, தரவை ஏற்றுவதற்கு முன்பே சோதித்தேன். சர்வரை அணைத்து முதல் டிஸ்கைக் கழற்றிவிட்டு இயக்கியபோது அது பூட் ஆகவில்லை. லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் என்ற நிரல் முதல் டிஸ்கில் மட்டுமே பதிவாகியிருந்தது. இரண்டாவதிலும் அதைப் பதித்த பிறகு ஒற்றை டிஸ்கிலேயே சர்வர் எழுந்தது. கழற்றிய டிஸ்கை லினக்ஸ் உள்ள ஒரு பழைய டெஸ்க்டாப்பில் மாட்டினேன். நான் வைத்திருந்த சோதனைக் கோப்புகள் திறந்தன. நான்கு நாட்கள் காத்திருந்த எனக்கு அதைவிடப் பெரிய சான்று தேவைப்படவில்லை. அந்த டிஸ்கை மீண்டும் சேர்த்தபோது முழுவதும் நகலாக ஏறத்தாழ எட்டு மணி நேரம் பிடித்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அதிகாலையில் சர்வர் இரு டிஸ்குகளையும் தானே ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒன்று பழுதானால் எனக்கு மின்னஞ்சல் வரும்படி அமைத்து, அது வருகிறதா என்பதையும் சோதித்துவிட்டேன். தவறுதலாக அழித்த கோப்பு இரு டிஸ்குகளிலிருந்தும் ஒருசேரப் போய்விடும் என்பதால், தினமும் மாலையில் வெளி டிஸ்க் ஒன்றில் தனியாக பேக்கப் எடுத்து அதை அலுவலகத்துக்கு வெளியே வைக்கிறோம்.