ஒன்றுக்குக் கீழே இறங்கிய முள்

எங்கள் கோபிப் பக்கம் பாய்லர் என்றால் செம்பில் செய்தது. நடுவில் இருக்கும் குழாயில் தேங்காய் மட்டையைப் போட்டு எரிப்போம். மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாகச் சுடுதண்ணீர் வந்து விழும். அது ரிப்பேர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சாம்பல் அடைத்துக்கொள்ளும், கீழே தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரிக்குள் தொங்குவது வேறு ரகம். காம்பி பாய்லர், கேஸில் ஓடுவது. ஷவருக்கும் அதுதான், அறைகளின் ரேடியேட்டர்களுக்கும் அதுதான். தண்ணீரைச் சேர்த்துவைக்கத் தொட்டி கிடையாது. அது நின்றால் வீடே நின்றதுபோலத்தான்.

2022 டிசம்பர் 11, ஞாயிறு இரவு லண்டனில் பனி கொட்டியது. திங்கட்கிழமை காலை ஷவரில் பச்சைத் தண்ணீர். அலமாரியைத் திறந்தால் பாய்லர் திரையில் ஒரு பிழை எண், உள்ளே ஹூக்கா இழுப்பதுபோல் களகளவென்று சத்தம். கையேட்டில் அந்த எண்ணைத் தேடியதில், பாய்லரின் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம் என்று இருந்தது.

இந்தக்கால பாய்லர்கள் புகையில் இருக்கும் நீராவியின் சூட்டையும் பிடித்துக்கொள்பவை. இங்கிலாந்தில் 2005 ஏப்ரலுக்குப் பிறகு மாட்டியவை பெரும்பாலும் இந்த வகைதான். ஆவி குளிர்ந்து தண்ணீராகி ஒரு ஒல்லியான பிளாஸ்டிக் குழாய் வழியாக வெளியே போகும். எங்கள் வீட்டில் அந்தக் குழாய் வடக்குச் சுவரில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மூடாமல் ஓடுகிறது. கடைசி வளைவில் ஐஸ் அடைத்திருந்தது. கெட்டிலில் கொதித்ததைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து, கை பொறுக்கும் சூட்டில் மூன்று குடம் ஊற்றினேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிளாஸ்டிக் விரிசல் விடும். குழாய்க்குள் ஏதோ சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. உள்ளே வந்து ரீசெட் பொத்தானை அழுத்தினேன், பற்றிக்கொண்டது. செலவு ஒரு பைசா இல்லை. அன்றைக்கு ஆபீஸில் எத்தனை பேரிடம் இதைச் சொன்னேன் என்று கணக்கில்லை.

அந்தப் பெருமைதான் அடுத்த ஆறு வாரத்தைக் கெடுத்தது.

ஜனவரியில் பாய்லர் மறுபடி நின்றது. இந்த முறை முன்னால் இருக்கும் அழுத்த மானியில் முள் 0.6-இல் கிடந்தது. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். அதற்கும் வழி கையேட்டிலேயே இருந்தது. பாய்லருக்கு அடியில் உலோகப் பின்னல் போட்ட வளைகுழாய் ஒன்று உண்டு. அதன் இரண்டு வால்வுகளையும் மெல்லத் திறந்தால் தெருக்குழாய்த் தண்ணீர் உள்ளே ஏறும், முள் 1.3 வந்ததும் மூடிவிட வேண்டும். ஒரு நிமிட வேலை. மூன்று நாளில் மறுபடி 0.6. மறுபடி நிரப்பினேன். அப்புறம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, பிப்ரவரியில் தினமும். பல் தேய்ப்பதுபோல் அதுவும் ஒரு காலை வேலையாகிவிட்டது.

ஒரு காரியம் மட்டும் உருப்படியாகச் செய்தேன். குளிர்பெட்டியில் ஒரு தாளை ஒட்டி, முள் எங்கே நிற்கிறது என்று நேரத்தோடு எழுதிவந்தேன். நாலு நாள் எழுதியதும் விசித்திரமாக ஒன்று தெரிந்தது. காலையில் 1.3 வைத்தால், ஹீட்டிங் ஓடி அரைமணியில் முள் 3-ஐத் தொடுகிறது. ஆறினால் 0.6-க்கு விழுகிறது. ரேடியேட்டர் எதிலும் கசிவு இல்லை, தரைவிரிப்பில் ஈரம் இல்லை. அப்படியானால் தண்ணீர் எங்கே போகிறது? வெளிச்சுவரில் பாய்லருக்கு நேர் பின்னால் ஒரு சிறிய செம்புக்குழாய் நீட்டிக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிவைத்தேன். மாலையில் அவிழ்த்தபோது பையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது.

நண்பர் ஒருவர் போனில் சிரித்தார். "எக்ஸ்பான்ஷன் வெசல்ல காத்து போயிருக்கும். சைக்கிள் பம்ப் இருக்கா? வீடியோ பார்த்து நானே அடிச்சேன்."

பாய்லருக்குள் இருக்கும் காற்றுக் கலனைத்தான் சொன்னார். பம்ப் இருந்தது. ஸ்க்ரூடிரைவரோடு பாய்லர் முன்னால் போய் நின்றேன். கையேட்டில் முன்மூடியைக் கழற்றுவது பற்றிய பக்கத்தில், அந்த மூடிதான் எரியும் அறையை அடைத்துவைப்பது, தகுதி பெற்றவர் தவிர யாரும் திறக்கக்கூடாது என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். சரியாக மூடாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. நமக்குத்தான் அலாரம் இருக்கிறதே என்று, அலமாரி மேலே இருந்த அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். சத்தமே வரவில்லை. திருப்பிப் பார்த்தால் அதன் ஆயுள் முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தேன். அன்று மாலையே புது அலாரம் வந்தது. கேஸ் வாசனை வந்தால் கூப்பிட வேண்டிய 0800 111 999 எண்ணையும் அப்போதுதான் போனில் சேமித்தேன்.

தெரிந்தவர் சொல்லி முதலில் வந்தவர், ரொக்கமாக 120 பவுண்டு போதும் என்றார். இந்த நாட்டில் கேஸ் வேலை செய்கிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009-இல் கார்கி என்ற பழைய பதிவேட்டுக்குப் பதிலாக வந்தது அது. அட்டையைக் கேட்டேன். வண்டியில் இருக்கிறது, எடுத்துவருகிறேன் என்று போனவர் வண்டியோடு போய்விட்டார்.

அடுத்தவரைப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடிப் பிடித்தேன். நான் கேட்பதற்கு முன்பே அவர் அட்டையை நீட்டி, பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எந்தெந்த வேலைக்கு அனுமதி என்பது பின்பக்கத்தில்தான் இருக்கும். என் தாளை ஒருமுறை படித்தார், பாய்லரைத் தொடாமலே "வெசல்தான்" என்றார்.

தண்ணீர் சூடானால் விரியும். விரிவதற்கு இடம் கொடுக்கத்தான் வெசல் என்கிற அந்த இரும்புக் கலன், அதன் நடுவில் ரப்பர் சவ்வு, ஒரு பக்கம் காற்று. காற்று இல்லையென்றால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அவர் கலனின் காற்று வால்வை, கார் டயருக்கு இருப்பதுபோலத்தான் இருந்தது, ஒரு குச்சியால் அழுத்தினார். காற்றுக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சியது. சவ்வு கிழிந்திருந்தது. நான் சைக்கிள் பம்பால் எத்தனை அடித்திருந்தாலும் பயனில்லை.

பழைய கலன் பாய்லரின் முதுகுப்புறம் இருந்ததால், அதை எடுக்காமல் வெளியே சிவப்பாகப் புதுக் கலன் ஒன்றைப் பொருத்தினார். அடிக்கடி திறந்து திறந்து சரியாக மூடாமல் போயிருந்த பாதுகாப்பு வால்வையும் மாற்றினார். ரேடியேட்டரிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் காட்டினார், மசி மாதிரி கறுப்பு. நான் தினமும் ஏற்றிய புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் போய் இரும்பை அரித்திருக்கிறது. அதைக் கழுவித் துருத்தடுப்பு மருந்து ஊற்றியதையும் சேர்த்து மொத்தம் 340 பவுண்டு. ஜனவரியிலேயே கூப்பிட்டிருந்தால் அந்தக் கழுவல் செலவாவது மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏங் கண்ணு, சாம்பலைத் தள்ளி உட்டுப் பாத்தியா?" என்றாள்.

அம்மா, இதில் சாம்பலே கிடையாது என்றேன். எவ்வளவு ஆச்சு என்றாள். ரூபாயில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"அந்தக் காசுக்கு இங்க செப்புப் பாய்லரே வாங்கிப்போட்டிருக்கலாம்."