பாப்பாவுக்கு மூக்கடைப்பு: யாங்கோன் நாட்குறிப்பு

ஜனவரி 5

பெரியவன் பாலர் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சளி இன்று பாப்பாவுக்கும் தொற்றிவிட்டது. காலையில் இரண்டு தும்மல், மத்தியானம் மூக்கில் தண்ணீர், ராத்திரி அடைப்பு.

யாங்கோனில் மார்கழிக் குளிர் விடியற்காலையில்தான் தெரியும். பகலெல்லாம் வெயில். அதனால் "நேத்துத் தலைக்கு ஊத்தினதுதான்" என்று அத்தை சொல்கிறார். குளித்ததால் வருவதில்லை இது. வைரஸ் வேண்டும். ஜலதோஷம் தருகிற ரைனோவைரஸில் மட்டுமே நூற்றுக்கு மேல் வகைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு உடம்பு பழகினால் அடுத்தது வந்து நிற்கும். பிறந்து முதல் இரண்டு வருடத்துக்குள் எட்டுப் பத்துத் தடவை சளி பிடிப்பது சாதாரணம் என்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெரியவனுக்கு வந்த அதே சளிதான். அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டான். பாப்பாவுக்கு அப்படி முடியவில்லை. பிறந்த முதல் சில மாதங்களுக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். வாயால் விடலாம் என்பது அதற்குச் சட்டென்று வராது. மூக்குத் துவாரமும் சின்னது, கொஞ்சம் வீங்கினாலே அடைத்துவிடும். பால் கொடுக்க உட்கார்ந்தால் இரண்டு இழுப்பு இழுக்கிறாள், முகம் சிவக்கிறது, விட்டுவிட்டு அலறுகிறாள். மறுபடியும் தேடுகிறாள், மறுபடியும் விடுகிறாள். பசி இல்லாமல் இல்லை. குடிக்கும்போது மூச்சு விட வழியில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 6

மருந்துக்கடையில் 0.9 சதவீத உப்புநீர்ச் சொட்டும், சளி உறிஞ்சுகிற ரப்பர் பந்தும் வாங்கி வந்தாயிற்று. இரண்டும் போதும். வீட்டிலேயே உப்புக் கரைத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் மூக்கு எரியும், தண்ணீர் சுத்தமில்லாவிட்டால் வேறு தொல்லை. சீல் வைத்த குப்பியே நல்லது.

முதல் தடவை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன். பாலுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம் முன்னால் செய்ய வேண்டும். வயிறு நிறைந்தபின் செய்தால் குடித்ததெல்லாம் வெளியே வரும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு. உடனே உறிஞ்சக்கூடாது. காய்ந்த சளி இளக ஒரு நிமிஷமாவது விட வேண்டும். அப்புறம் ரப்பர் பந்தை வெளியிலேயே அமுக்கி, அமுக்கினபடியே நுனியை மூக்கின் வாசலில் வைத்து, மெதுவாகக் கையைத் தளர்த்த வேண்டும். உள்ளே வைத்துக்கொண்டு அமுக்கினால் சளி இன்னும் மேலே ஏறும். நுனியை ஆழமாக விடவே கூடாது.

பாப்பா முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். கத்தியதும் நல்லதாகவே போயிற்று. இளகிய சளி நூல் மாதிரி நீண்டு மேலுதட்டில் வந்து விழுந்தது. துடைத்துவிட்டு நெஞ்சில் சாய்த்தேன். விடாமல் குடித்தாள், முழுசாக.

நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருக்கக்கூடாது. உள்தோல் புண்ணாகி இன்னும் வீங்கும். பாலுக்கு முன்னாலும் தூங்கப்போகும் முன்னாலும் போதும், மற்ற நேரம் வெறும் சொட்டு. பந்தை ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரில் அலசி, உள்ளே இருக்கும் நீரைப் பிதுக்கி, வாய் கீழாக வைத்துக் காயவைக்கிறேன்.

ஜனவரி 7

இன்றுதான் கடுமை. சளி இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சத்துக்குப் போகும், அது தெரிந்திருந்தும் மனசு கேட்கவில்லை.

அத்தை தேங்காயெண்ணெயில் கற்பூரம் போட்டுச் சூடாக்கிக் கொண்டுவந்தார். என் வீட்டுக்காரரையும் அவர் தம்பிமாரையும் மோல்மேனில் இதே எண்ணெய் தடவித்தான் வளர்த்ததாகச் சொல்வார். பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கிறவர். ஆனால் கற்பூர விஷயத்தில் என்னால் விட்டுக்கொடுக்க முடியாது.

"அத்தை, கற்பூரம் தோல் வழியாவும் உள்ள போகும். வாய்ல பட்டுட்டா சின்னப் பிள்ளைக்கு வலிப்பே வரும். டாக்டர் சொல்லியிருக்காங்க."

"நெஞ்சுல ஒரு பொட்டுதானேம்மா?"

"ஒரு பொட்டும் வேணாம் அத்தை. கற்பூரம் போடாத எண்ணெய்யைக் கால்ல தேய்ச்சு விடுங்க, உங்க கை பட்டா அவ தூங்கிடுவா."

அப்படியே செய்தார். பாப்பா தூங்கினாள்.

எதிர்வீட்டுப் பர்மிய அக்கா மூக்கில் வைத்து உறிஞ்சுகிற மருந்துக் குப்பியைக் கொடுத்தார். அதுவும் வேண்டாம். கற்பூரம், மெந்தால் சேர்ந்த விக்ஸ் மாதிரித் தைலங்கள் இரண்டு வயதுக்குக் கீழே கூடாது. மெந்தால் மூக்குக்குள் ஜில்லென்று இருக்குமே தவிர அடைப்பைக் குறைப்பதில்லை. பச்சைப் பிள்ளையின் மூச்சுக்குழலை உறுத்திச் சளியைக் கூட்டவும் செய்யும். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. எண்ணெய்த்துளி நுரையீரலுக்குப் போனால் ஒருவகை நிமோனியா வரும், அது லேசில் ஆறாது. சாம்பிராணிப் புகை, கொசுவத்தி, கரியடுப்புப் புகை, ஆம்பிளைகளின் சிகரெட், இதெல்லாம் வீங்கிய மூக்கை இன்னும் வீங்க வைக்கும். கொசுவத்தியை நிறுத்திவிட்டு வலை கட்டியாயிற்று.

குளிர் ஆடைகளைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது அந்துருண்டை நெடி தூக்கியது. எல்லாவற்றையும் துவைத்து வெயிலில் போட்டுவிட்டுத்தான் பிள்ளைக்குப் போட்டேன். ஜி-6-பி-டி என்கிற நொதி குறைவாக இருக்கும் பிள்ளைகளுக்கு அந்துருண்டை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மலேரியா இருந்த நாடுகளில் அந்தக் குறை அதிகம், பர்மாவும் அதில் சேர்த்தி.

ஜனவரி 8

சளி பச்சையாகிவிட்டது. தெருமுனை மருந்துக்கடைப் பையன் கேட்காமலேயே ஆன்டிபயாடிக் சிரப்பையும் சளி சிரப்பையும் எடுத்து வைத்தான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பச்சை நிறம் கிருமியை எதிர்க்கப் போன வெள்ளையணுக்களில் இருக்கும் ஒரு நொதியின் நிறம். சளி முற்றி ஆறப்போகும் நேரத்தில் அப்படித்தான் இருக்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றுப்போக்குதான் மிச்சம். தும்மல் இருமலுக்கென்று விற்கிற கலவை மருந்துகளை இரண்டு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2008இலேயே சொல்லிவிட்டது. பெரியவர்கள் மூக்கடைப்புக்கு விட்டுக்கொள்ளும் சொட்டு மருந்தும் பிள்ளைக்கு ஆபத்து. அது பிள்ளையை மயக்கமாக்கி இதயத்துடிப்பையும் குறைக்கும். உப்புநீர் வேறு, அது வேறு. குப்பியைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

தேனும் கூடாது, ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுக்கூட. அதில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்து பச்சைக்குடலில் முளைத்து விஷமாகும். நான்கு வயதுப் பெரியவனுக்குத் தரலாம். ராத்திரி இருமலுக்கு அரை டீஸ்பூன் கொடுத்தேன், கேட்டது.

ஜனவரி 9

ராத்திரி கரண்டு போய்விட்டது. பாப்பாவின் மூச்சில் கொரகொர என்று சத்தம். கைப்பேசி வெளிச்சத்தில் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்தேன். ஏறி இறங்குவதை ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். கால் நிமிஷம் எண்ணி நான்கால் பெருக்கினால் சரிவராது, பிள்ளைகளின் மூச்சு நின்று நின்று ஓடும். அழும்போதும் எண்ணக்கூடாது. நாற்பத்திரண்டு வந்தது. பயமில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிஷத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40. அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் வேக மூச்சு, டாக்டரிடம் போக வேண்டும். எண் சரியாக இருந்தாலும் மூச்சு இழுக்கும்போது கீழ் விலா உள்ளே குழிந்தால், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகினால், உதடு நீலம் பாய்ந்தால், பால் குடிக்கவே முடியாமல் போனால், எழுப்பினாலும் எழும்பாவிட்டால் விடியும்வரை காத்திருக்கக்கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் மற்றதெல்லாம் நன்றாக இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரிதான். இதை எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் மகளுக்கு இது மாசம்.

தலையணை வைத்துத் தலையைத் தூக்கினால் மூச்சு சுலபமாகும் என்று சிலர் சொல்வார்கள். படுக்கையில் தலையணை கூடாது, கழுத்து மடங்கிவிடும். தூளியும் இந்த நாட்களில் வேண்டாம், அதில் தாடை நெஞ்சில் அமுங்கும். விழித்திருக்கும்போது தோளில் நிமிர்த்திப் போட்டு நடந்தேன், தூங்கினதும் சமமான பாயில் மல்லாக்க.

ஜனவரி 10

எப்போதும்போல் சிறுநீர் போகிறாள். ஒரே மூச்சாகக் குடிக்க முடியாததால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கிறேன். தாய்ப்பால் போதும். ஆறு மாதத்துக்குள் தண்ணீர்கூடத் தேவையில்லை.

ஜனவரி 12

இன்று வாயைத் திறந்து சிரித்தாள். மூக்கில் இன்னும் இருக்கிறது. ஒரு வாரம் பத்து நாள் இழுக்கும், இருமல் அதற்குமேலும் நிற்கலாம்.

பெரியவனுக்கு மூக்குச் சிந்தப் பழக்குகிறேன். வாயை மூடி, ஒரு பக்கத்தை விரலால் அடைத்து, மறுபக்கம் மெதுவாக. இரண்டையும் பிடித்துப் பலமாகச் சிந்தினால் சளி காதுக்கு ஏறும். பிள்ளைகளுக்கு மூக்கையும் காதையும் இணைக்கிற குழாய் குட்டையாகவும் படுத்தவாக்கிலும் இருப்பதால்தான் சளிக்குப் பின்னால் காதுவலி வருகிறது. தொட்டியில் மிதக்கும் இலையை மூக்குக்காற்றால் நகர்த்தச் சொன்னேன். பிடித்துவிட்டது அவனுக்கு.

ஜனவரி 13

பொங்கலுக்குத் தட்டோனிலிருந்து சித்தப்பா குடும்பம் வருகிறது. அத்தையே போன் பண்ணி, "சளி பிடிச்சவுங்க பாப்பாவைத் தூக்காதீங்க, முகத்துல முத்தமும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். வாசல் குழாயடியில் புது சோப்பு வைத்தாயிற்று. கரும்பு மட்டும் இன்னும் வாங்கவில்லை.